பூனையோடு ஒரே கட்டிலில் தூங்கலாமா? புதிதாகப் பூனை வளர்ப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பூனை வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளிலேயே இந்தக் கேள்வி வந்துவிடும். அதற்கென்று மெத்தென்ற படுக்கை ஒன்றை மூலையில் போட்டு வைத்திருப்பீர்கள், அது அதை ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு நேராக உங்கள் கட்டிலில் ஏறி தலையணைக்குப் பக்கத்தில் சுருண்டுகொள்ளும். வீட்டில் ஒருவர் "பாவம், இருந்துட்டுப் போகட்டும்" என்பார், இன்னொருவர் "முடி மூச்சுக்குள்ளே போகும், நோய் வரும்" என்று பயப்படுவார். இருவர் பேச்சிலும் பாதி உண்மை இருக்கிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஆரோக்கியமான பெரியவர், பூனையும் ஆரோக்கியமாக வீட்டுக்குள்ளேயே வளர்வது என்றால் தாராளமாகச் சேர்ந்து தூங்கலாம். ஆபத்து பூனை கட்டிலில் ஏறுவதில் இல்லை. அதன் உடம்பில் என்ன ஒட்டிக்கொண்டு வருகிறது, கட்டிலில் அதற்காக என்ன காத்திருக்கிறது, பக்கத்தில் யார் படுத்திருக்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது. இந்த மூன்றையும் சரிசெய்த பிறகு கட்டிலில் ஏற்றுங்கள். முதலில் ஏற்றிவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், பழகிய பூனையை இறக்குவது இரண்டு பேருக்குமே கஷ்டம்.

இதனால் என்ன கிடைக்கிறது

பூனையின் சாதாரண உடல் வெப்பமே 38 முதல் 39 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும், நம்மைவிட அதிகம். அந்தச் சூட்டைத் தக்கவைக்கக் கதகதப்பான இடத்தைத் தேடிக்கொண்டே இருக்கும். உங்கள் கட்டிலில் சூடு இருக்கிறது, உங்கள் வாசனை இருக்கிறது, தரையைவிட உயரமாகவும் இருக்கிறது. பூனை எலியைப் பிடிக்கும் பிராணி மட்டுமல்ல, தன்னைவிடப் பெரிய விலங்குகளுக்கு இரையாகக்கூடிய சின்னப் பிராணியும்கூட. தூங்கும் நேரம்தான் அதற்கு ஆபத்தான நேரம் என்பதால், நம்பும் இடத்தில்தான் அசந்து தூங்கும். உங்கள் காலடியில் வந்து படுப்பதைத் திமிர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நமக்கும் பலன் உண்டு. தனியாக இருப்பவர்களுக்கு, துக்கத்தில் இருப்பவர்களுக்கு, படுத்த பிறகு மனசு ஓடிக்கொண்டே இருப்பவர்களுக்கு, பக்கத்தில் ஒரு உயிர் சூடாகக் குர்குரென்று மூச்சுவிட்டுக்கொண்டு படுத்திருப்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை அனுபவித்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். அமெரிக்காவின் மேயோ கிளினிக் தூக்க மருத்துவ மையத்துக்கு வந்த நோயாளிகளிடம் கேட்டு 2015இல் வெளியான ஆய்வு ஒன்றில், செல்லப்பிராணி வைத்திருந்தவர்களில் 41 சதவீதம் பேர் அதனால் தூக்கத்துக்குத் தொந்தரவு இல்லை அல்லது நல்லதுதான் என்றார்கள். தூக்கம் கெடுகிறது என்றவர்கள் 20 சதவீதம். அதில் நாய் வைத்திருந்தவர்களும் உண்டு, எல்லாம் அவரவர் வாயால் சொன்னது, கருவி வைத்து அளந்தது இல்லை. அதனால் உங்கள் விஷயத்தில் நீங்களே கவனித்துத்தான் முடிவுக்கு வர வேண்டும்: காலையில் எழும்போது உடம்பு தெளிவாக இருக்கிறதா, பகலில் கண் சொருகுகிறதா?

பலரும் நினைத்துப் பார்க்காத இன்னொரு பலன், பூனையின் உடம்பு உங்களுக்குப் பழகிவிடுவது. எடை குறைந்தால், இருமினால், முதுகைத் தொட்டால் சிலிர்த்தால், உடனே தெரிந்துவிடும். ஒரு பயிற்சி சொல்கிறேன். அது நன்றாகத் தூங்கும்போது விலாப்பகுதி ஒருமுறை ஏறி இறங்குவதை ஒரு மூச்சு என்று வைத்து ஒரு நிமிடம் எண்ணுங்கள். ஆரோக்கியமான பூனைக்குத் தூக்கத்தில் நிமிடத்துக்கு 30க்குள் இருக்கும். தொடர்ந்து 30க்கு மேல் போனால் இதயத்திலோ நுரையீரலிலோ கோளாறு இருக்கலாம், கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். பூனை நோயை மறைத்துக்கொள்வதில் கெட்டிக்காரப் பிராணி, இந்த ஒரு எண்ணிக்கை பல பூனைகளைக் காப்பாற்றக்கூடியது.

முதல் வேலை: அந்தக் கட்டிலில், அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள்

ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை தூங்கும் இடத்தில் பூனை கூடாது. இதில் விதிவிலக்கே வேண்டாம். கெட்ட எண்ணத்தால் அல்ல, சூட்டைத் தேடித்தான் பூனை குழந்தையின் முகத்துக்கு அருகில் போகும். ஆனால் பச்சைக் குழந்தையால் அதைத் தள்ளிவிடவோ தலையைத் திருப்பிக்கொள்ளவோ முடியாது. குழந்தை தூங்கும் அறைக் கதவை மூடி வையுங்கள்.

கர்ப்பிணிகளைத்தான் அதிகம் பயமுறுத்துகிறார்கள். பயத்துக்குக் காரணம் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி. அது பூனையின் முடியிலிருந்தோ மூச்சிலிருந்தோ வருவதில்லை, மலத்தின் வழியாக வெளியேறுகிறது. அதுவும் பொதுவாகப் பூனைக்கு முதல்முறை தொற்றிய பிறகு சில வாரங்களுக்கு மட்டும். வெளியேறிய உடனே அது தொற்றாது, தொற்றும் நிலைக்கு வர ஒன்று முதல் ஐந்து நாள் ஆகும். அதனால் மணல் தட்டைத் தினமும் சுத்தம் செய்ய வேண்டும், அந்த வேலையை வீட்டில் வேறு யாராவது எடுத்துக்கொள்ள வேண்டும். ஆளே இல்லை என்றால் கையுறை போட்டுச் செய்துவிட்டு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். சரியாக வேகாத இறைச்சி, கழுவாத காய்கறி, தோட்டத்து மண் ஆகியவையும் இந்த ஒட்டுண்ணி வரும் முக்கியமான வழிகள். கர்ப்பம் என்றதும் பூனையைக் கொண்டுபோய் எங்கோ விட்டுவிடுகிறவர்களை நினைத்தால் மனசு வலிக்கிறது, அதற்கு அவசியமே இல்லை.

அலர்ஜியும் ஆஸ்துமாவும் வேறு கதை. முடிதான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள், உண்மையில் பூனையின் எச்சிலிலும் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளிலும் உருவாகும் ஒரு புரதம்தான் முக்கியக் காரணம். பூனை தன்னை நக்கும்போது அது முடியெல்லாம் பரவி, காய்ந்து, மிக நுண்ணிய தூசாகக் காற்றில் நீண்ட நேரம் மிதக்கும். அதனால் முடியில்லாத பூனை இனத்தை வாங்கினாலும் அலர்ஜி வரலாம். பூனை வீட்டை விட்டுப் போன பிறகும் மெத்தையிலும் சோபாவிலும் அது மாதக்கணக்கில் தங்கும். உங்களுக்குத் தும்மல், கண் அரிப்பு, மூச்சிழுப்பு இருந்தால் கட்டிலில் மட்டும் தடை போட்டுப் பயனில்லை, படுக்கையறைக்குள்ளேயே பூனை வரக் கூடாது. ராத்திரி ஏழு எட்டு மணி நேரம் அந்தக் காற்றைத்தானே சுவாசிக்கிறீர்கள். உள்ளே, மிக நுண்ணிய தூசையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள காற்றுச் சுத்திகரிப்பான் வைத்தால் கொஞ்சம் உதவும். மூச்சிழுப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் "பழகிடும்" என்று விட்டுவிட வேண்டாம்.

கீமோதெரபி எடுப்பவர்கள், உறுப்பு மாற்று சிகிச்சை செய்தவர்கள், வேறு காரணத்தால் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், ஆறாத புண் உள்ளவர்கள் எல்லாரும் முதலில் தங்கள் மருத்துவரிடம் பேசுங்கள். வயிற்று வழியாக டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் இரவில் கருவி ஓடும்போது பூனையை அறைக்கு வெளியே வைப்பதுதான் சரி, பூனை குழாயைக் கடித்து அதன் வாயிலிருக்கும் பாக்டீரியா உள்ளே போய் வயிற்றுக்குள் தொற்று வந்த சம்பவங்கள் மருத்துவப் பதிவுகளில் இருக்கின்றன.

அடுத்தது: மருத்துவர் பார்த்த பிறகுதான் மெத்தை

புதுப் பூனை, அதுவும் தெருவிலிருந்தோ காப்பகத்திலிருந்தோ வந்தது என்றால், நேராகக் கட்டிலுக்குக் கொண்டுபோகாதீர்கள். ஓர் அறையில் தனியாக வைத்து, கால்நடை மருத்துவரிடம் காட்டி, தடுப்பூசி, குடல்புழு மருந்து, தெள்ளுப்பூச்சி மருந்து மூன்றையும் முடித்துக்கொள்ளுங்கள். கருத்தடை அறுவை சிகிச்சைக்கும் அப்போதே தேதி பேசிவிடுங்கள், அது செய்யாத ஆண் பூனை மெத்தையிலேயே அடையாளத்துக்குச் சிறுநீர் பீய்ச்சலாம்.

தெள்ளுப்பூச்சி இருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். நெருக்கமான பல் உள்ள சீப்பால் முதுகையும் வால் அடியையும் வாரி, உதிரும் கறுப்புப் பொடியை ஈரமான வெள்ளைத் துணியில் வையுங்கள். சுற்றிலும் செம்பழுப்பாகப் பரவினால் அது அழுக்கு இல்லை, தெள்ளின் எச்சம், செரித்த ரத்தம். தெள்ளின் முட்டை பூனையின் உடம்பில் ஒட்டி நிற்காது, அது எங்கே படுக்கிறதோ அங்கே உதிரும், அதாவது உங்கள் விரிப்பில். அதனால் பூனைக்கு மருந்து போட்டால் மட்டும் போதாது, துணியெல்லாம் வெந்நீரில் துவைத்து, மெத்தையின் ஓரங்களையும் கட்டிலுக்கு அடியையும் வாக்குவம் செய்ய வேண்டும். பூனைக்கீறல் காய்ச்சலை உண்டாக்கும் பார்ட்டொனெல்லா என்ற பாக்டீரியா பூனைகளுக்கிடையே பரவுவதும் தெள்ளு மூலம்தான். தெள்ளின் எச்சம் நகத்தில் ஒட்டி, கீறும்போது நம் தோலுக்குள் போகிறது. தெள்ளை ஒழித்துவிட்டால் இந்தக் கவலை பெரும்பாலும் தீர்ந்தது. பூனையின் ஆசனவாயைச் சுற்றியோ அது படுத்த இடத்திலோ அரிசி போன்ற வெள்ளைத் துணுக்குகள் தெரிந்தால் அது நாடாப்புழு, அதுவும் பெரும்பாலும் தெள்ளை விழுங்குவதால் வருவதுதான்.

இங்கே ஒரு எச்சரிக்கை, தயவுசெய்து மறக்காதீர்கள். நாய்க்கான தெள்ளு மருந்தைப் பூனைக்குப் போடாதீர்கள். அவற்றில் பலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் பூனைக்கு விஷம், வலிப்பு வந்து செத்துப்போகும். வீட்டில் நாயும் இருந்து அதற்கு அந்த மருந்து போட்டால், மருந்து காய்ந்து முடியும்வரை இரண்டையும் ஒரே மெத்தையில் சேர்க்காதீர்கள்.

படர்தாமரையையும் பாருங்கள். பெயர் தாமரை என்றாலும் அது பூஞ்சை. காதிலோ முகத்திலோ முன்காலிலோ வட்டமாக முடி கொட்டி, செதில் செதிலாக இருந்தால் சந்தேகப்படுங்கள். சில பூனைகளுக்கு, முக்கியமாக நீண்ட முடி உள்ளவற்றுக்கு, வெளியே எதுவுமே தெரியாமலும் இருக்கும். போர்வையில் ஒட்டிய வித்துகள் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆகவே சிகிச்சை முடிந்து மருத்துவர் சரி என்று சொல்லும்வரை கட்டில் கிடையாது.

கட்டிலைச் சுற்றி இருப்பவை

பூனையால் நமக்கு என்ன ஆகும் என்றே எல்லாரும் கேட்கிறார்கள். நம் படுக்கையறையால் பூனைக்கு என்ன ஆகும் என்பதுதான் எனக்கு அதைவிடப் பெரிய கவலையாக இருக்கிறது, ஏனென்றால் இதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதே இல்லை.

படுக்கப் போகும் முன் நாம் உடம்பில் என்னவெல்லாம் தடவுகிறோம் என்று யோசியுங்கள். முடி வளர்வதற்காகத் தலையில் போடும் மினாக்சிடில் பூனைக்குக் கொடிய விஷம், மிகச் சிறிய அளவே இதயத்தையும் நுரையீரலையும் கெடுத்து உயிரை எடுத்துவிடும். நீங்கள் ராத்திரி தலையில் போட்டுக்கொண்டு படுக்கிறீர்கள், அது தலையணை உறையில் படிகிறது, பூனை அதில் படுத்துவிட்டுத் தன் முடியை நக்கிச் சுத்தம் செய்கிறது. இல்லாவிட்டால் உங்கள் தலைமுடியையே நக்குகிறது. அவ்வளவுதான், விஷம் வயிற்றுக்குள் போய்விட்டது. மினாக்சிடில் போடுபவர் என்றால் பூனையைத் தலையணையில் விடவே கூடாது. என்னைக் கேட்டால் அந்தக் கட்டிலிலேயே விட வேண்டாம் என்பேன்.

வலிக்குத் தடவும் மருந்துகளும் அப்படித்தான். ஃப்ளர்பிப்ரோஃபென் கலந்த களிம்பை உரிமையாளர் தன் உடம்பில் தடவியதால் வீட்டுப் பூனைகள் நோய்வாய்ப்பட்டு இறந்ததை அடுத்து, அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2015இல் எச்சரிக்கை வெளியிட்டது. தோல் புற்றுக்குப் போடும் ஃப்ளூரோயுராசில் களிம்பு, ஹார்மோன் களிம்புகள் ஆகியவையும் ஆபத்தானவை. தடவும் இடத்தைத் துணியால் மூடுங்கள், கையைக் கழுவுங்கள், மருந்துக் குழாயை மூடி அலமாரிக்குள் வையுங்கள். பாராசிட்டமால் மாத்திரை ஒன்று போதும் ஒரு பூனையைக் கொல்ல. கட்டில் பக்கத்து மேசையில் மாத்திரை அட்டையை வைத்துவிட்டுத் தூங்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

அப்புறம் சின்னச் சின்னப் பொருட்கள். தலைமுடி ரப்பர் பேண்ட், தையல் நூல், ரிப்பன், காதடைப்பான் எல்லாம் விளையாட்டாகவே வயிற்றுக்குள் போகும். நூல் குடலில் மாட்டினால் குடலை அறுத்துவிடும், அறுவை சிகிச்சை வரை போகும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் இழுக்காதீர்கள், மருத்துவரிடம் ஓடுங்கள். அறையில் லில்லிப் பூ வைக்காதீர்கள், அதன் மகரந்தம் முடியில் ஒட்டி அதை நக்கினாலே சிறுநீரகம் செயலிழக்கும். தேயிலை மர எண்ணெய் போன்ற வாசனை எண்ணெய்களை ராத்திரி முழுக்க ஆவியாக்கி வைப்பதும் வேண்டாம். அடியில் பொருள் வைக்கும் அறை உள்ள கட்டில், சாயும் கட்டில் என்றால், மூடும் முன் ஒவ்வொரு முறையும் உள்ளே பாருங்கள். ஜன்னலில் வலை உறுதியாக இருக்க வேண்டும்.

விரிப்பைப் பற்றி ஒரே ஒரு யோசனை. பூனை படுக்கும் பகுதிக்கு மட்டும் மேலே ஒரு தனிப் போர்வையை மடித்துப் போடுங்கள், அதை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். மெத்தையையே நனைக்கும் வேலை மிச்சம்.

நகமும் பாதமும்

இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை நகத்தின் நுனியை மட்டும் வெட்டினால் போதும். உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரியும் சதைப்பகுதியைத் தொட்டுவிடக் கூடாது, அங்கே ரத்தமும் நரம்பும் இருக்கின்றன. வெட்டுவதற்கு நல்ல நேரம் அது அரைத்தூக்கத்தில் இருக்கும்போது, ஒரு தடவைக்கு இரண்டு நகம் என்றாலும் சரி. மாவு பிசைவது போல முன்னங்காலால் உங்கள் வயிற்றைப் பிசையும்போது கத்தித் தள்ளாதீர்கள், குட்டியாக இருந்தபோது பால் குடிக்கச் செய்த பழக்கம் அது, நடுவில் ஒரு தடித்த போர்வையை வைத்தால் முடிந்தது. மணல் தட்டைக் கட்டிலிலிருந்து தள்ளி வைத்து, அதற்கு வெளியே சொரசொரப்பான மிதியடி போட்டால் பாதத்தில் ஒட்டிய மணல் அங்கேயே உதிரும்.

ராத்திரி தூங்க வைப்பது

பூனை ஒரு நாளில் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல் தூங்கும். ஆனால் அந்தி நேரத்திலும் விடியலுக்கு முன்பும் சுறுசுறுப்பாக இருக்கும். பிரச்சினையே அதுதான், உங்கள் தூக்கம் ஆழமாக இருக்கும்போது அதற்கு வேட்டை நேரம். வேட்டை, சாப்பாடு, நக்கிச் சுத்தம் செய்தல், தூக்கம் என்று அதன் உடம்பில் ஒரு வரிசை இருக்கிறது. அந்த வரிசையை நாம் படுக்கும் நேரத்துக்குக் கொண்டுவர வேண்டும். படுப்பதற்கு முன் கால் மணி நேரம் இறகுக் குச்சியை வைத்து ஓட விட்டு, களைத்துப்போகும்வரை விளையாடுங்கள். உடனே அன்றைய கடைசிச் சாப்பாட்டைப் போடுங்கள். அப்புறம் விளக்கை அணையுங்கள். தினமும் ஒரே நேரத்தில் செய்தால் பெரும்பாலான பூனைகள் தானாக வந்து படுக்கும்.

விடியற்காலையில் முகத்தைத் தட்டி எழுப்பினால் எழுந்து சாப்பாடு போடாதீர்கள். திட்டவும் வேண்டாம், திட்டுவதும் அதற்குக் கவனிப்புதான். அசையாமல் படுத்திருங்கள். முதல் சில நாள் தொந்தரவு குறையாது, கூடும். இதுவரை பலித்தது ஏன் இப்போது பலிக்கவில்லை என்று இன்னும் பலமாக முயலும். பலர் இந்த இடத்தில்தான் விட்டுக்கொடுத்துவிடுகிறார்கள், அதனால் பூனை கற்றுக்கொள்வது "இன்னும் கொஞ்சம் கத்தினால் கிடைக்கும்" என்ற பாடத்தைத்தான். நேரம் வைத்தால் தானாகத் திறக்கும் சாப்பாட்டுக் கருவி கிடைத்தால் வாங்கிவிடுங்கள், பூனை உங்களை விட்டுவிட்டு அதன் முன்னால் போய்க் காத்திருக்கும்.

போர்வைக்குள் கால்விரலை அசைத்து விளையாட்டுக் காட்டும் பழக்கம் வேண்டாம். குட்டியாக இருக்கும்போது அழகாக இருக்கும், பெரிதான பிறகு நடுராத்திரியில் காலைக் கவ்வும்.

இடத்தையும் முதல் நாளே முடிவு செய்யுங்கள். காலடிப் பக்கம்தான் எனக்குப் பிடித்த இடம், தலையணை நமக்கு மட்டும். வாய், மூக்கு, ஆறாத புண் இவற்றை நக்க விடாதீர்கள். மூன்று நான்கு மாதத்துக்குட்பட்ட குட்டியைக் கட்டிலில் விட வேண்டாம், தூக்கத்தில் நாம் புரண்டு படுத்தால் நசுங்கிவிடும், கட்டிலுக்குப் பக்கத்திலேயே பெட்டியில் துணி போட்டுப் படுக்க வையுங்கள். மது குடித்திருந்தாலோ தூக்க மாத்திரை போட்டிருந்தாலோ அன்று வளர்ந்த பூனைக்கும் வேறு இடம். கதவைச் சாத்துவதாக இருந்தால் தண்ணீரும் மணல் தட்டும் உள்ளே இருக்க வேண்டும்.

கடித்தால், மாற்றம் தெரிந்தால்

கடித்தாலோ ஆழமாகக் கீறினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். பூனைப் பல் ஊசி மாதிரி ஆழமாக இறங்கும், மேலே சின்னப் புள்ளியாகத் தெரிந்தாலும் உள்ளே சீழ் பிடிக்கும். கையிலோ மூட்டிலோ கடித்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். வெளியே போய்வரும் பூனை, ரேபிஸ் தடுப்பூசி போடாத பூனை என்றால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். கீறிய சில நாளில் கொப்புளம், அப்புறம் அக்குளிலோ கழுத்திலோ நெறி கட்டி, காய்ச்சல் வந்தால், பூனை கீறியதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

இதுவரை ஒழுங்காக இருந்த பூனை திடீரென்று மெத்தையில் சிறுநீர் கழித்தால் அது பழிவாங்கவில்லை, பெரும்பாலும் வலியிலோ பயத்திலோ இருக்கிறது. ஆண் பூனை திரும்பத் திரும்ப முக்கியும் சொட்டுகூட வரவில்லை என்றால் அது அவசரம், விடியும்வரைகூடக் காத்திருக்கக் கூடாது. வயதான பூனை ராத்திரியில் காரணமில்லாமல் கத்தினால் தைராய்டு, ரத்த அழுத்தம் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

நிறுத்த வேண்டும் என்றால்

அலர்ஜி வந்துவிட்டது, குழந்தை பிறக்கப் போகிறது, தூக்கம் போதவில்லை என்று எதற்காக இருந்தாலும், ஒரே ராத்திரியில் கதவைச் சாத்திவிடாதீர்கள். அதற்கு ஏன் என்று புரியாது. குழந்தை வரப்போகிறது என்றால் சில மாதம் முன்பே தொடங்குங்கள். கட்டில் உயரத்துக்கே ஒரு நாற்காலியோ முக்காலியோ கட்டிலை ஒட்டி வைத்து, நீங்கள் போட்டுக் கழற்றிய துவைக்காத சட்டையை அதில் விரியுங்கள். இரவில் கட்டிலில் ஏறினால் பேசாமல் தூக்கி அங்கே வையுங்கள், அங்கே படுத்தால் தடவிக்கொடுங்கள், ஒரு துண்டு தின்பண்டம் கொடுங்கள். அங்கே தானாகப் படுக்கத் தொடங்கிய பிறகு, சில நாளுக்கு ஒருமுறை ஒரு சாண் அளவு கதவுப் பக்கம் நகர்த்துங்கள். அறைக்கு வெளியே போகும்வரை அதே சட்டை, அதே விளையாட்டு நேரம், அதே கடைசிச் சாப்பாடு. கட்டிலை மட்டும்தான் எடுத்துக்கொள்கிறீர்கள், உங்களோடு அது கழிக்கும் நேரம் குறையக் கூடாது, பகலில் மடியில் அரை மணி நேரம் கூடுதலாக உட்கார வையுங்கள்.